இருட்டில் கை தெரியாது

சபைக் கமிட்டி கூடியிருந்த அறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாளே வாலு, அங்கேதான் போன வாரம் அவளை விட்டோம். அவள் கத்தியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பேசாமல் போனதுதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது.

வாலு என்பது சின்ன வயதில் அப்பா வைத்த பெயர். முப்பதைத் தாண்டி, கல்யாணமாகி, ரத்தப் பரிசோதனை லேபில் தினமும் அடுத்தவர் கையில் ஊசி குத்துகிற வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

அப்பாவை எல்லோரும் பாஸ்டர் என்பார்கள். வாடகைக்குப் பிடித்த ஒரு தகர ஷெட்டில் அவர் ஆரம்பித்த சபை இன்றைக்கு ஏசி அரங்கம், சுவரையே மறைக்கிற எல்இடி திரை, வாசலில் காப்பி கவுண்டர் என்று வளர்ந்து நிற்கிறது. அந்த வளர்ச்சியில் பாதிக்கு மேல் பெரியவனின் கைவண்ணம். பெரியவன், வாலுவின் அண்ணன். வெளிநாட்டில் போய் சபை நிர்வாகம் படித்துவிட்டு வந்தவன்.

ஷெட் காலத்திலிருந்தே அந்தச் சபைக்குக் காது கேளாதவர்கள் சிலர் வருவார்கள். முன்வரிசையில் இடது பக்கம் அவர்கள் இடம். அவர்களுக்கு எதிரே நின்று, அப்பா பேசப் பேச வாலு அதைச் சைகையில் சொல்வாள். அவள் கணவரும் அந்த வரிசையில் உட்காருகிறவர்தான்.

இனி அந்த இடம் அவர்களுக்கு இல்லை என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. கிரேன் கேமரா நிறுத்த இடம் வேண்டுமாம். அதோடு, ஆராதனை நேரம் முழுக்க அரங்கத்தில் விளக்கும் கிடையாது, மேடையில் மட்டும்தான். காது கேளாதவர்கள் மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொள்ளலாம். வாலுவும் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

இன்று அந்த முடிவு நடைமுறைக்கு வரும் முதல் ஞாயிறு.

காலையில் டீயை மேஜையில் வைத்துவிட்டு வாலு எதிரே உட்கார்ந்தாள். அவள் கணவரைப் பிறந்த வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். சோபா தைக்கிறவர். பிறவியிலேயே காது கேளாது.

மாப்பிள்ளை ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் கேட்டார். "மேல ரூம்ல சோபா இருக்கா?"

"இருக்கு."

"ஏசி?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? தூங்கறதுக்கு வசதி. மாமா பிரசங்கம் எப்படியும் நீளம்."

வாலு டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்தாள். சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் மேஜை அதிர்ந்தது அவர் முழங்கைக்குத் தெரிந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நான் சொல்றதைக் கேளு," என்றன அவர் கைகள். "ஸ்கூல்ல எங்களுக்குத் தனி ரூம். முதல்ல வேலைக்குப் போன இடத்துல சாப்பிடத் தனி மூலை. எங்க அக்கா கல்யாணத்துல என்னைக் கடைசி வரிசையில உக்கார வச்சாங்க, போட்டோவுல நான் இல்ல. தனி ரூம் எனக்குப் பழகிப்போச்சு. உனக்குத்தான் புதுசு."



"பழகினது போதும்," என்று கை காட்டிவிட்டு எழுந்து புடவை மாற்றப் போனாள்.

சபை வாசலில் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட வரவேற்புக் குழு வரிசையாக நின்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. ஜெபம் வேண்டுமா? சுவரில் ஒட்டியிருக்கிற க்யூஆர் சதுரத்தைப் போனில் ஸ்கேன் செய்து, உங்கள் கஷ்டத்தைச் சுருக்கமாக எழுதி அனுப்பலாம்.

மாடிப்படி அடியில் காது கேளாதவர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குள் பெயரைக் கையால்தான் சொல்வார்கள். மீசையை முறுக்கிக் காட்டினால் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவர். கன்னத்தில் விரலால் குழி போட்டுக் காட்டினால் தையல் கடைக்காரி. பெரியவனுக்கு வைத்த பெயர் மணிக்கட்டைத் தட்டுவது. எப்போது பார்த்தாலும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பான். பாஸ்டருக்கு, இரண்டு கைகளையும் விரித்து வரவேற்கிற மாதிரி. ஷெட் வாசலில் ஒவ்வொருவரையும் அப்படித்தான் அவர் உள்ளே கூப்பிடுவார். இப்போது பின்வாசல் வழியாக நேரே மேடைக்கு வருகிறார். பெயர் மட்டும் மாறவில்லை.

"மேலயா?" என்று மீசைக்காரர் கேட்டார்.

"இல்ல. வழக்கமான இடம்," என்றாள் வாலு.

அவர்களை அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குள் நுழைந்தபோது பெரியவன் எதிரே வந்துவிட்டான். காதில் ஒயர், இடுப்பில் வாக்கி டாக்கி.

"வாலு, பிளீஸ். இன்னிக்கு வேண்டாம்."

"என்னிக்கு வேணும்னு சொல்லு, அன்னிக்கு வர்றேன்."

"உங்களுக்குன்னு தனி கேமரா வாங்கியிருக்கேன். உன் கை ஸ்கிரீன்ல ஒரு கட்டத்துல தெளிவாத் தெரியும். நெட்ல பாக்கற மத்த காது கேக்காதவங்களுக்கும் போய்ச் சேரும். நான் என்னமோ இவங்களை விரட்டற மாதிரி பேசாத."

அவன் பொய் சொல்லவில்லை. வாலுவுக்கும் அது தெரியும். சபையைவிட்டு ஓடிப்போன இளவட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்தவன் அவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவர்கள் போனில் ஆராதனை பார்ப்பதும் அவன் புண்ணியம்தான்.

"கேமரா நல்ல விஷயம்டா. வச்சுக்கோ. ஆனா இவங்க டிவி பாக்க வரல. அதுதான் வீட்டுலயே இருக்கே. எல்லார்கூடவும் உக்கார வர்றாங்க."

"விளக்கை அணைச்சாதான் ஒரு அட்மாஸ்பியர் வரும். ஒவ்வொருத்தனும் பக்கத்துல இருக்கறவனை மறந்துட்டு ஆண்டவரை மட்டும் நினைப்பான்."

"பக்கத்துல இருக்கறவனை மறக்கறதுக்கு எதுக்குடா சபை?"

பெரியவன் மணிக்கட்டைப் பார்த்தான். பின்னால் நின்ற தையல் கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ எங்க வேணா உக்காரு," என்றான் அவன். "லைட் மட்டும் அணையும். அது கமிட்டி முடிவு."

கிரேனின் இரும்புக் கால் ஒன்று வரிசையின் நடுவில் நின்றிருந்தது. இரண்டு நாற்காலிகளை நகர்த்தி, அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். வலது பக்க முன்வரிசையில் பாஸ்டர் குடும்பத்துக்கென்று போட்டிருந்த மெத்தை நாற்காலியில் அம்மா இருந்தாள். வாலு கையசைத்தாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

திரையில் எண்கள் இறங்குவரிசையில் ஓடி முடிந்தன. விளக்குகள் அணைந்தன. மேடை மட்டும் நீலமாகப் பற்றிக்கொண்டது. புகை மெஷின் உஸ்ஸென்று புகை விட, பாட்டுக் குழு துள்ளிக்கொண்டு வந்தது.

பாட்டுவரை சமாளித்தார்கள். டிரம் அடி நெஞ்சில் வந்து இடிப்பது அவர்களுக்கும் தெரியும், கைதட்டினார்கள், ஆடினார்கள். பாட்டு முடிந்து, தலையோடு மாட்டிய மைக்கோடு அப்பா மேடைக்கு வந்தார். திரையில் 'எல்லை தாண்டு' என்று தலைப்பு மின்னியது. அவர் பேச ஆரம்பித்தார். வாலு கையைத் தூக்கினாள்.

தையல் கடைக்காரி எட்டி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தெரியவில்லை.

வாலு மேடையை ஒட்டிப் போய் நின்று பார்த்தாள். திரையின் வெளிச்சம் அவள் முதுகில் அடித்தது. அவள் வெறும் நிழலாக நின்றாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்த மீசைக்காரர் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு, மடியில் கை வைத்துத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துத்தான் அவள் நடந்தாள்.

பின்சுவரில் கதவை ஒட்டி ஸ்விட்ச் போர்டு. அங்கே நின்றிருந்த கறுப்பு டீ-ஷர்ட் பெண் பதறிவிட்டாள்.

"அக்கா, அதைத் தொடாதீங்க. அண்ணன் திட்டுவாரு."

"எனக்கும் அவன்தான் அண்ணன். நான் வாங்கிக்கறேன்."

உள்ளங்கையால் ஒரே இழுப்பு. வரிசையாக எல்லா ஸ்விட்சும் விழுந்தன.

டியூப் லைட்டுகள் கண்சிமிட்டி, எரிந்தன. அரங்கம் வெள்ளை வெளேரென்று விழித்துக்கொண்டது. நீலமாக மிதந்த புகை, ஈர விறகு வைத்த அடுப்புப் புகை மாதிரி ஆகிவிட்டது. கொட்டாவி விட்டவர்கள் வாயை மூடினார்கள். போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். மேடையில் அப்பாவின் முகப்பவுடர்கூடத் தெரிந்தது.

வாலு நடு நடையில் நிதானமாக நடந்து வந்து தன் இடத்தில் நின்று கையைத் தூக்கினாள்.

அப்பா பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

"லைட்டை அணைங்க," என்றார் மைக்கில்.

வாலு அதைச் சைகையில் சொன்னாள். லைட்டை அணைங்க.

மொழிபெயர்க்க நிற்கிறவள் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இப்போது அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கு எதிரே கையாக மாறி, அந்த வரிசையில் இருந்தவர்களின் முகத்தில் போய் விழுந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

சபை மூப்பர்களில் ஒருவர், கமிட்டிச் செயலாளர், எழுந்து நின்றார். "பாஸ்டர், நீங்க தொடருங்க. யாராவது அவங்களை வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா."

வாலு அதையும் சொன்னாள்.

"யாரை? எங்களையா, உன்னையா?" என்று மீசைக்காரர் கேட்டார்.

"என்னை."

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். அடுத்து மாப்பிள்ளை எழுந்தார். அந்த வரிசையே எழுந்தது. கூட்டிப் போக வந்தவர்கள் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"வாலு," என்றார் அப்பா. வீட்டுப் பெயர் எல்லா ஸ்பீக்கரிலும் முழங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் குரலைத் தணித்தார். "இது ஆராதனை நேரம்மா. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

அவள் அதைக் கையால் சொல்லி முடித்துவிட்டு, பிறகு வாயால் பதில் சொன்னாள். அவளிடம் மைக் இல்லை. தொண்டை இருந்தது.

"வீட்டுல இவங்க இல்லையேப்பா. இவங்களைப் பத்தி இவங்க முன்னாடிதானே பேசணும்?"

"மேல எல்லா வசதியும் பண்ணிக் கொடுத்திருக்கு."

"இருக்கு. சோபா இருக்கு, ஏசி இருக்கு, டிவி இருக்கு. நீங்க இல்ல. இந்த ஜனங்க இல்ல. ஷெட்டுல மழை ஒழுகினப்ப இவங்கதான் உங்ககூட வாளி தூக்கினாங்க. இப்ப கேமரா வந்ததும் மாடிக்குப் போகணுமா? போக மாட்டோம். வேணும்னா கேமராவை மாடிக்குக் கொண்டுபோங்க."

"யாரும் யாரையும் தள்ளல..."

"இருட்டுல கை தெரியாதுப்பா. அவ்வளவுதான் விஷயம். லைட் எரிஞ்சா இவங்க சபையில இருப்பாங்க. அணைஞ்சா இருக்க மாட்டாங்க. நீங்களே அணைங்க, உங்க கையால. நான் தடுக்கல."

செயலாளர் ஸ்விட்ச் போர்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"அணைக்காதீங்க."

குரல் வலது பக்கத்திலிருந்து வந்தது. தேவைக்கு மேல் சத்தமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்கும் கேக்கல," என்றாள். "ரெண்டு வருஷமா எனக்கும் கேக்கல. அவர் வாயைப் பாத்துப் பாத்துத்தான் ஆமென் சொல்லிட்டிருந்தேன். பின்னாடி அந்தத் திரை வந்ததுல இருந்து அவர் வாயும் தெரியல. பக்கத்துல இருக்கறவங்க ஆமென் சொன்னா நானும் சொல்றேன்."

வாலுவின் கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. மாப்பிள்ளை அவள் தோளைத் தட்டினார். என்ன? அம்மா என்ன சொன்னாங்க?

சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். 'ரெண்டு வருஷமா' என்ற இடத்தில் விரல் தவறி, அதை மறுபடியும் சொன்னாள்.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். மேடைக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு நடந்து வந்தாள். தையல் கடைக்காரி நகர்ந்து தன் நாற்காலியில் பாதி இடம் கொடுத்தாள். அம்மா உட்கார்ந்துகொண்டு மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பப் பேசுங்க," என்றாள் தன் கணவரிடம். "மக கையைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன். கத்துக்கிட்டா வருமாமே."

பாஸ்டர் கையிலிருந்த டேப்லெட்டை அணைத்தார். மைக்கைக் கழற்ற முயன்று, காதில் சிக்கி, இழுத்து எடுத்தார். ஆசீர்வாத ஜெபம் சொல்லாமலே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அந்தச் சபையின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

நடைவழியில் செயலாளர் வாலுவைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் அவர் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை.

"இன்னியில இருந்து உங்களுக்கு இந்தச் சைகை ஊழியம் கிடையாதும்மா. சபை முன்னாடி மன்னிப்புக் கேக்கறவரைக்கும்."

"மேடையைப் பூட்டிக்கோங்க ஐயா. சாவி உங்ககிட்டதான் இருக்கு. என் கையை எப்படிப் பூட்டுவீங்க? வாசல்ல நின்னு சொல்வேன். ரோட்டுல நின்னு சொல்வேன்."

"திமிர்!"

"ஆமா. இதுவும் இந்தச் சபையில கத்துக்கிட்டதுதான்."

பெரியவன் கன்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வந்தான். காது ஒயர் கழுத்தில் தொங்கியது. வாலு தயாராக நின்றாள். ஆனால் அவன் அவளைத் திட்டவில்லை.

"அம்மா பேச ஆரம்பிச்சதும் லைவைக் கட் பண்ணிட்டேன்," என்றான். "'எனக்கும் கேக்கல'ன்னு சொன்னதுவரை போயிடுச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டு மெசேஜ் மேல மெசேஜா வருது." பிறகு, சின்னப் பையன் மாதிரி, "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு?"

"போன்ல கூப்பிட்டா எடுக்கறதே இல்லன்னு கோவப்பட்டுட்டிருந்தேன்."

இருவரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவர்கள் உதடுகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைகளுக்குத்தான் கண் தெரியவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று வாலு, முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவர்தானே."

"அப்புறம்?"

"காதுக்கு மெஷின் வைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. முன்வரிசையில உக்காந்தா அது கேமராவுல தெரியும். வாரா வாரம் நோயாளிங்க தலையில கை வச்சு ஜெபிக்கறவரு. அவர் வீட்டுலயே இப்படின்னா ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சாரு. கொஞ்ச நாள் பொறு, ஜெபிப்போம்னாரு. பொறுத்தேன்."

வாலுவுக்கு உடம்பு பற்றியெரிந்தது. அப்பாவின் அலுவலக அறைக் கதவை நோக்கித் திரும்பினாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் இவ்வளவு பலம் இருக்குமென்று வாலு நினைத்ததில்லை.

"நீ வராத. நீயும்தாண்டா," என்றாள் பெரியவனிடம். "நீங்க ரெண்டு பேரும் அவர்கிட்ட பேசினா அது சபைச் சண்டை. இது என் சண்டை."

கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நடைவழியில் ஒரு பெஞ்ச். அண்ணனும் தங்கையும் அதன் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை காப்பி கவுண்டரிலிருந்து மூன்று கப் கொண்டு வந்து, நடுவில் உட்கார்ந்தார். உள்ளே அப்பாவின் குரல் உயர்ந்தது, தணிந்தது, மறுபடியும் உயர்ந்தது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. அம்மாவின் குரல் ஒருமுறைதான் கேட்டது. அதுவும் இரண்டு மூன்று வார்த்தைகள்.

"கிரேனை எடுக்கச் சொல்லவா?" என்று பெரியவன், காப்பியைப் பார்த்தபடியே கேட்டான்.

"கமிட்டி முடிவுன்னியே?"

"நான் உன்னைக் கேட்டேன்."

வாலு வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

அம்மா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, நடை தளரவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு மேடையில நான் பேசப்போறேன். நடந்ததை நானே ஜனங்களுக்குச் சொல்றேன். உன் அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

பெரியவன் எழுந்துவிட்டான். "மேடையிலயா? அப்பா என்னம்மா சொன்னாரு?"

"என்னமோ சொன்னாரு. ரொம்ப நேரம் சொன்னாரு."

"என்னன்னு?"

"தெரியல," என்றாள் அம்மா. "நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். எனக்குக் கேக்கல."